யாருக்காக ஓடுகின்றன இந்த ரயில்கள்? – கிழக்கு ஆப்பிரிக்காவின் வழித்தடப் போட்டி

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆப்பிரிக்க நாடுகளின் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் பற்றி நமது ஊடகங்களில் பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகளே வருகின்றன. சீனாவின் கடன் வலையில் ஆப்பிரிக்கா சிக்கிவிட்டது என்பது ஒரு வகை. ஆப்பிரிக்கா எழுகிறது, உள்கட்டமைப்பில் பாய்ச்சல் நிகழ்கிறது என்பது மற்றொரு வகை. முதல் வகையை மேற்கத்தியச் செய்தி நிறுவனங்கள் எழுதுகின்றன. இரண்டாம் வகையை ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களும் திறப்பு விழா நடத்தும் அரசுகளும் எழுதுகின்றன. இரண்டிலும் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். அந்தப் பாதையை அமைத்து, அதில் சரக்கேற்றி, அதற்கு வாங்கிய கடனையும் வரியாகச் செலுத்துகிற தொழிலாளி அவர்.

அந்தத் தொழிலாளியின் பக்கம் நின்று, கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் இடையே நடைபெறும் வழித்தடப் போட்டியை இன்று பார்ப்போம். இரண்டும் அண்டை நாடுகள். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டவை. சுவாஹிலி இரு நாட்டு மக்களுக்கும் பொதுவான மொழி. எனினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்விரு நாடுகளும் துறைமுகத்துக்குத் துறைமுகம், ரயிலுக்கு ரயில் என்று போட்டியிட்டு வருகின்றன. இப்போட்டி எங்கிருந்து வந்தது, இதில் வெல்பவர் யார், இதன் செலவை ஏற்பவர் யார் என்பவையே நமது கேள்விகள்.

இரண்டு துறைமுகங்கள், இரண்டு பாதைகள்

இந்தியப் பெருங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் இரண்டு பெரிய துறைமுகங்கள் உள்ளன. வடக்கே கென்யாவின் மொம்பாசா. தெற்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம். இவற்றின் பின்னே, கண்டத்தின் உட்பகுதியில், கடற்கரை இல்லாத உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தென் சூடான், ஜாம்பியா, மலாவி ஆகிய நாடுகளும், கடலிலிருந்து வெகுதொலைவில் கிடக்கும் காங்கோவின் கிழக்குப் பகுதியும் உள்ளன. அங்கு செல்லும் எரிபொருள், உரம், இரும்பு, மருந்து, துணி ஆகியவையும், அங்கிருந்து வெளியேறும் காப்பி, தேயிலை, செம்பு, கோபால்ட் ஆகியவையும் யாரேனும் ஓர் அண்டை நாட்டின் வழியாகவே செல்ல வேண்டும்.

மொம்பாசாவில் தொடங்கி நைரோபி, மலாபா, கம்பாலா வழியாகக் கிகாலி வரை செல்வது வடக்கு வழித்தடம். தார் எஸ் சலாமில் தொடங்கி டொடோமா வழியாக ருவாண்டா, புருண்டி, காங்கோ எல்லைகளை நோக்கிச் செல்வது மத்திய வழித்தடம். உள்நாட்டுச் சரக்கைத் தவிர, இவ்வாறு கடந்து செல்லும் சரக்கை எந்தத் துறைமுகம் ஈர்ப்பது என்பதுதான் போட்டியின் மையப் பொருள். இதற்காகக் கட்டணங்கள் குறைக்கப்படுகின்றன. சரக்கை இலவசமாக வைத்திருக்கும் நாள்கள் கூட்டப்படுகின்றன. எடைமேடைகளும் எல்லைச் சாவடிகளும் குறைக்கப்படுகின்றன. இறுதியில் கோடிக்கணக்கான டாலர் கடனில் புதிய ரயில் பாதை அமைக்கப்படுகிறது.

'காரிடர்' என்னும் சொல்லை நாம் 'வழித்தடம்' என்று மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அச்சொல்லில் முழு நிறைவு இல்லை. தடம் என்பது மக்கள் நடந்து நடந்து உண்டாவது. இப்பாதைகளோ பழைய வீடுகளின் இடைகழியைப் போன்றவை. இடைகழியில் சரக்கு கடந்து போகும், தங்காது. அதன் இருபுறமும் வாழ்பவர்களுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வியை நாம்தான் எழுப்ப வேண்டும்.

காலனி ஆட்சி வரைந்த கோடுகள்

இந்தப் பாதைகளின் வடிவத்தை விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அரசுகள் தீர்மானிக்கவில்லை. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையிலான உகாண்டா ரயில் பாதையை 1896இல் பிரிட்டன் தொடங்கியது. 1901இல் அது ஏரிக்கரையை அடைந்தது. தெற்கே ஜெர்மானியர் 1905இல் தார் எஸ் சலாமிலிருந்து தங்கள் மத்தியப் பாதையைத் தொடங்கி, 1914இல் தங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள கிகோமா வரை முடித்தனர். இரண்டு ஏகாதிபத்தியங்கள், இரண்டு துறைமுகங்கள், ஒன்றுக்கொன்று இணையாக உட்பகுதியை நோக்கிச் செல்லும் இரண்டு கோடுகள். இன்றைய வடக்கு, மத்திய வழித்தடங்கள் பெரும்பாலும் அவற்றின் மேலேயே கிடக்கின்றன.

உகாண்டா ரயில் பாதையில் நமக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. அதை அமைக்கப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் சுமார் 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் அங்கேயே மாண்டனர். சாவோ ஆற்றுப் பாலத்தருகே சிங்கங்கள் ஆட்களைக் கொன்ற கதையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொன்ற ஆயிரக்கணக்கானோரை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே.

பாதை முடிந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. பிரிட்டிஷ் கருவூலம் ஏறத்தாழ 50 லட்சம் பவுன் செலவிட்டிருந்தது. ஏற்றிச் செல்லப் போதிய சரக்கு இல்லை. ரயில் தன் செலவை ஈட்ட வேண்டும் என்பதற்காகக் கென்யாவின் வளமான மேட்டுநிலங்களில் ஐரோப்பியர் குடியேற்றப்பட்டனர். கிக்குயு, மாசாய், நந்தி மக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. தங்கள் மண்ணின் ஊடே ரயில் வருவதை எதிர்த்து நந்தி மக்கள் பத்தாண்டுகள் போராடினர். அவர்களின் தலைவர் கொய்தலேல் 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிலங்களில் விளைந்த காப்பியும் தேயிலையும் ரயிலேறின. ரயிலுக்குச் சரக்குத் தேடி நிலம் பறித்த இந்த வரிசைமுறையைக் கவனியுங்கள். பின்னர் இதே முறை வேறு உருவில் திரும்பி வருவதைக் காண்போம்.

ரயில் சரக்கை மட்டும் உருவாக்கவில்லை. ஒரு தொழிலாளி வர்க்கத்தையும் உருவாக்கியது. மக்கான் சிங் என்ற பெயரை நமது தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். பஞ்சாபின் குஜ்ரன்வாலா மாவட்டத்தில் பிறந்து, 1927இல் கென்யாவுக்குச் சென்றவர் அவர். 1935இல், இந்தியத் தொழிலாளர்களுக்கு மட்டுமேயான சங்கத்தை எல்லா இனத் தொழிலாளர்களுக்கும் உரிய கென்யத் தொழிற்சங்கமாக மாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். விடுதலையான பின் பஞ்சாப் கம்யூனிஸ்ட்டுகளின் ஏடான 'ஜங்-இ-ஆசாதி'யில் பணியாற்றினார். கென்யா திரும்பிய அவர், 1950 ஏப்ரலில் நைரோபியின் கலோலேனி மண்டபக் கூட்டத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உடனடி விடுதலை வேண்டும் என்று முழங்கினார். அடுத்த மாதமே கைதானார். வெளியே வந்தது 1961இல். அவர் கேட்டது கென்யாவின் விடுதலை மட்டுமன்று, கிழக்கு ஆப்பிரிக்கா முழுமைக்குமான விடுதலை. ரயிலும் துறைமுகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கிய அக்காலத்தில், தொழிலாளர்களும் ஒரே களத்தில் நின்றார்கள்.

1977: பொதுச் சொத்து பிரிந்த கதை

விடுதலைக்குப் பின் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற அமைப்பை நிறுவின. ரயில்வே, துறைமுகம், அஞ்சல், விமானப் போக்குவரத்து ஆகியவை பொது நிறுவனங்களாயின. பத்தே ஆண்டுகளில், 1977இல், அந்த அமைப்பு சிதைந்தது.

முதலாளித்துவப் பத்திரிகைகள் இதைத் தலைவர்களின் தன்முனைப்பு என்று எழுதின. உகாண்டாவில் 1971இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியதும், அவருடன் ஒரே மேசையில் அமர ஜூலியஸ் நியரேரே மறுத்ததும் உண்மையே. ஆயினும் விரிசல் அதற்கு முன்பே இருந்தது. வெள்ளைக் குடியேறிகளின் பொருளாதாரம் நைரோபியில் மையம் கொண்டிருந்ததால் தொழிற்சாலைகளும் பொது நிறுவனங்களின் தலைமையிடங்களும் பெரும்பாலும் கென்யாவில் இருந்தன. பொதுச்சந்தையின் ஆதாயம் அங்கேயே குவிந்தது. கென்யா அந்நிய மூலதனத்தை வரவேற்ற வேளையில், தான்சானியா 1967ஆம் ஆண்டின் அருஷா பிரகடனத்தின் வழியே வங்கிகளையும் பெருந்தொழில்களையும் நாட்டுடைமையாக்கியது. ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் ஏற்பாடு வலுவாக இல்லாமல் சந்தையை மட்டும் ஒன்றாக்கினால், வலியவன் மேலும் வலியவனாவான். இது ஐரோப்பாவிலும் நடந்தது. நமது நாட்டின் மாநிலங்களுக்கிடையிலும் நடக்கிறது.

பிரிவினையின்போது ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் விமானங்களும் எந்த நாட்டு மண்ணில் நின்றனவோ அந்த நாட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. கென்ய எல்லையைத் தான்சானியா மூடியது. 1983 வரை அது திறக்கப்படவில்லை. இரு நாட்டு ரயில்வேக்களும் தனித்தனியே நலிந்தன. இன்றுள்ள கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2000இல் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் பழைய பொது ரயில்வே அதில் உயிர்பெறவில்லை.

விடுதலை ரயில்

போட்டியைத் தவிர வேறு வழியே இல்லையா? இருந்தது. அதற்கும் தார் எஸ் சலாமே சாட்சி.

1965 நவம்பரில் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மையினர் தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தனர். வடக்கே இருந்த ஜாம்பியாவின் செம்பு முழுவதும் வெள்ளையர் ஆட்சிப் பகுதிகளின் வழியாகவே கடலை அடைந்துவந்தது. ஜாம்பியத் தலைவர் கென்னத் கவுண்டாவும் நியரேரேவும் தார் எஸ் சலாமுக்குப் புதிய ரயில் பாதை அமைக்க உதவி கேட்டனர். உலக வங்கியும் மேற்கு நாடுகளும் லாபம் தராது என்று கைவிரித்தன. மக்கள் சீனம் முன்வந்தது. அப்போது அதுவும் ஓர் ஏழை நாடே. 98.8 கோடி யுவான், வட்டியில்லாக் கடன், முப்பதாண்டுத் தவணை. 1970இல் தொடங்கிய பணி 1975இல் முடிந்தது. 1,860 கிலோமீட்டர் பாதை, 300க்கும் மேற்பட்ட பாலங்கள், 20க்கும் மேற்பட்ட சுரங்கப் பாதைகள். பல்லாயிரம் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் சீனத் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்தனர். 60க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் அந்த மண்ணில் உயிர்நீத்தனர். டாசாரா என்பது அதன் பெயர். மக்கள் அதை 'உஹுரு' ரயில் என்றனர். சுவாஹிலியில் உஹுரு என்றால் விடுதலை.

டாசாராவை ஒரு புராணமாக்கிவிடக் கூடாது. எஞ்சின் பழுது, உதிரிப் பாகங்களின் பற்றாக்குறை, மழையில் சரிந்த கரைகள் என்று தொடக்கத்திலிருந்தே தொல்லைகள் இருந்தன. செம்பு விலை வீழ்ந்தபோது ஜாம்பியா 1978இல் தெற்குப் பாதையை மீண்டும் திறந்துகொண்டது. தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி வீழ்ந்த பின் செம்பு டர்பன் துறைமுகத்துக்கும் போயிற்று. எஞ்சியதில் பெரும்பகுதி லாரிகளுக்குச் சென்றது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் ஏற்றவென வடிவமைக்கப்பட்ட பாதை, அண்மைய ஆண்டுகளில் அதில் சிறு பகுதியையே ஏற்றியது. எனினும் அதன் பொருள் குன்றவில்லை. ஒரு நாட்டின் அரசியல் விடுதலைக்காக மற்றொரு நாடு தன் துறைமுகத்தைத் திறந்தது. மூன்றாவது நாடு லாபக் கணக்குப் பாராமல் உழைப்பைத் தந்தது. 'லாபகரமானதா' என்பதே முதல் கேள்வி அன்று என்பதற்கு அது சான்று.

உலக வங்கியின் பருவம்

1980களிலும் 1990களிலும் கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பெயரில் உலக வங்கியும் சர்வதேச நிதியமும் வந்தன. ரயில்வேயில் அரசு முதலீடு நிறுத்தப்பட்டது, ஆட்குறைப்பு நடந்தது, பின்னர், நலிந்த ரயில்வேயைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்றனர். கென்ய, உகாண்டா ரயில்வேக்கள் 2006இல் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் 25 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. வாக்களித்த முதலீடு வரவில்லை. 2017இல் குத்தகை முடிவுக்கு வந்தது. தான்சானிய ரயில்வே 2007இல் குத்தகைக்குப் போனது. அதில் 51 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்தது நமது நாட்டின் பொதுத்துறை நிறுவனமான ரைட்ஸ். ஊதியம் கேட்டுத் தான்சானிய ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சில ஆண்டுகளிலேயே அக்குத்தகையும் முறிந்து, ரயில்வே அரசிடம் திரும்பியது. நிறுவனத்தின் பெயரில் 'பொதுத்துறை' என்று இருப்பதாலேயே அது அயல்நாட்டில் தொழிலாளர்களின் நண்பனாகிவிடாது.

இவ்வாறு ரயில் நலிந்த இடத்தில் லாரி வந்தது. சாலை வழியே சரக்கேற்றும் செலவு பெருகியது. புதிய ரயில் வேண்டும் என்ற மக்களின் விருப்பம் நியாயமானதே. அந்த நியாயமான தேவையின் மீதுதான் அடுத்த கட்டம் எழுப்பப்பட்டது.

கடனில் ஓடும் ரயில்

2014இல் கென்யா, சீனாவின் எக்சிம் வங்கியிடம் கடன் பெற்று, மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு ஸ்டாண்டர்டு கேஜ் பாதை அமைக்கத் தொடங்கியது. 2017 மே 31 அன்று அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 470 கிலோமீட்டர். செலவு 300 கோடி டாலருக்கு மேல். கடனில் ஒரு பகுதி சலுகை வட்டியில், மறு பகுதி சந்தை வட்டியில். டாசாராவின் வட்டியில்லாக் கடனுக்கும் இதற்கும் உள்ள தொலைவை நாம் மறைக்கத் தேவையில்லை. முன்னது ஒருமைப்பாடு, பின்னது வணிகம். வணிகமென்றால் அதை வணிகமாகவே மதிப்பிட வேண்டும்.

பாதை நைவாஷாவுக்கு அருகே வரை 2019இல் நீண்டது. உகாண்டா எல்லைக்குச் செல்ல வேண்டிய மீதிப் பகுதிக்கு அப்போது கடன் கிடைக்கவில்லை. கடலையும் உள்நாடுகளையும் இணைப்பதற்கென்று தொடங்கிய பாதை எல்லையைத் தொடாமல் நடுவழியில் நின்றது. எதிர்பார்த்த சரக்கும் வரவில்லை. அப்போது அரசு என்ன செய்தது? இறக்குமதிச் சரக்கு ரயிலிலேயே செல்ல வேண்டும், சுங்கச் சோதனை நைரோபியில் நடக்கும் என்று 2019இல் உத்தரவிட்டது. மொம்பாசாவின் லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், கிளியரிங் ஏஜெண்டுகள், கிடங்குத் தொழிலாளர்கள், நெடுஞ்சாலை ஊர்களான மரியாக்கனியிலும் வோயிலும் உணவுக்கடை நடத்திய பெண்கள் எல்லோரும் பிழைப்பை இழந்தனர். மொம்பாசா வீதிகளில் கண்டன ஊர்வலங்கள் நடந்தன. 1901இல் ரயிலுக்குச் சரக்குத் தேட நிலம் பறிக்கப்பட்டது. 2019இல் ரயிலுக்குச் சரக்குத் தேட வேலை பறிக்கப்பட்டது. 2022இல் ஆட்சி மாறிய பின்னரே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

கடன் யாரிடமிருந்து வசூலாகிறது? இறக்குமதிப் பொருள்கள் மீது 2013 முதல் 1.5 விழுக்காடு ரயில்வே மேம்பாட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. ரயிலில் ஒருநாளும் ஏறாத விவசாயி, தான் வாங்கும் இறக்குமதிப் பொருளின் விலையில் அதைச் செலுத்துகிறார். கடன் ஒப்பந்தமோ பல ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் காட்டப்படவில்லை. பணி வழங்கிய முறை கொள்முதல் சட்டத்துக்கு முரணானது என்று கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அப்போது ரயில் ஓடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் சென்றுவிடக் கூடாது. சீனக் கடனே கென்யாவின் நெருக்கடிக்குக் காரணம் என்பது ஒரு தவறு. கென்யாவின் அயல்கடனில் உலக வங்கி முதலான பன்னாட்டு நிதி நிறுவனங்களின் பங்கு சீனாவின் பங்கைவிடப் பெரிது. மேற்கத்திய நிதிச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களும் உண்டு. 2024 ஜூனில் கென்ய இளைஞர்கள் எதிர்த்தெழுந்த வரி மசோதாவின் பின்னே சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகள் இருந்தன. அப்போராட்டத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மசோதா திரும்பப் பெறப்பட்டது. சீனக் கடன் என்பதாலேயே அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது மற்றொரு தவறு. மறைவான ஒப்பந்தம் யார் கையெழுத்திட்டாலும் மறைவான ஒப்பந்தமே.

தான்சானியாவின் பதில்

தான்சானியா சும்மா இருக்கவில்லை. 2013இல் கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் தங்களுக்குள் கூடி ரயில், எண்ணெய்க் குழாய்த் திட்டங்களைப் பேசின; தான்சானியாவும் புருண்டியும் ஒதுக்கப்பட்டன. மூன்றாண்டுகளில் காட்சி மாறியது. 2016 ஏப்ரலில் உகாண்டா, தன் எண்ணெய்க் குழாயைக் கென்யாவின் லாமுவுக்குக் கொண்டுசெல்லாமல் தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல முடிவெடுத்தது. நீளம் 1,443 கிலோமீட்டர். கென்யா தோற்றது, தான்சானியா வென்றது என்று செய்திகள் வந்தன. அக்குழாய் நிறுவனத்தில் 62 விழுக்காட்டுப் பங்கு பிரான்சின் டோட்டல் எனர்ஜிஸ் நிறுவனத்திடம் உள்ளது. உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் தலா 15 விழுக்காடு. எஞ்சியது ஒரு சீன நிறுவனத்திடம். உண்மையில் வென்றவர் யார் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

2017இல் தான்சானியா தன் ஸ்டாண்டர்டு கேஜ் பாதையைத் துருக்கி நிறுவனத்தின் வழியே தொடங்கியது. கென்யாவின் டீசல் ரயிலுக்கு எதிராக இது மின்சார ரயில். தார் எஸ் சலாமிலிருந்து தலைநகர் டொடோமா வரை 2024இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. மக்கள் பெருமை கொள்கின்றனர், கொள்ளட்டும். பல மணி நேரச் சாலைப் பயணம் குறைந்தது சிறிய செய்தி அன்று. ஆனால் அதே காலத்தில் தார் எஸ் சலாம் துறைமுகம் என்னவாயிற்று? 2023 அக்டோபரில் அதன் ஒரு பகுதி துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்துக்கு 30 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்கள் கைது செய்யப்பட்டனர். 2024 மே மாதம் இரண்டாம் கண்டெய்னர் முனையத்தை 30 ஆண்டுகளுக்குப் பெற்றது அதானி குழுமம்.

போட்டியின் மறுபக்கமான கென்யாவில், நைரோபி விமான நிலையத்தை 30 ஆண்டுகளுக்குப் பெறும் திட்டத்துடன் அதே அதானி குழுமம் சென்றது. 2024 செப்டம்பர் 11 அன்று விமான நிலையத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலையிழப்பு ஏற்படும், பணி நிபந்தனைகள் மோசமாகும் என்பதே அவர்களின் அச்சம். நவம்பரில், அமெரிக்காவில் அதானி மீது குற்றப்பத்திரிகை தாக்கலான மறுநாள், கென்ய அதிபர் அத்திட்டத்தை ரத்து செய்தார். இரு நாடுகளும் ஒன்றையொன்று தோற்கடிக்க முயலும்போது, ஒரே மூலதனம் இரு வாசல்களிலும் நிற்பதைக் காண்கிறோம்.

இப்போட்டி அன்றாட வாழ்வில் எவ்வாறு இறங்குகிறது என்பதற்கு ஒரு சான்று. 2017 இறுதியில், எல்லை தாண்டி மேய்ந்தன என்று கென்ய மாசாய் மக்களின் 1,300 மாடுகளைத் தான்சானிய அரசு ஏலம் விட்டது. கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 6,400 கோழிக்குஞ்சுகளை நோய்த்தடுப்பு என்று சொல்லி எரித்தது. 2021 மார்ச்சில் கென்யா, பூஞ்சை நச்சைக் காரணம் காட்டித் தான்சானியாவின், உகாண்டாவின் மக்காச்சோளத்துக்குத் தடை விதித்தது. எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றன. மாடு மேய்ப்பவரும், கோழி வளர்ப்பவரும், சோளம் விற்பவரும் எந்த வழித்தடத்தின் பங்குதாரரும் அல்லர்.

செம்பும் கோபால்ட்டும்

மேற்கே பார்த்தால் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. உலகின் கோபால்ட் உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்து வருகிறது. மின்கல வாகனங்களுக்கு அது வேண்டும். அதை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுசெல்வது அங்கோலாவின் லொபிட்டோ பாதை. போர்ச்சுகீசிய ஆட்சியில் பிரிட்டிஷ் முதலாளி ராபர்ட் வில்லியம்ஸ் 1902இல் உரிமம் பெற்று அமைத்த பாதை அது. உள்நாட்டுப் போரில் சிதைந்ததைச் சீன நிறுவனம் மீட்டமைத்தது. 2022இல் அதை இயக்கும் உரிமை 30 ஆண்டுகளுக்கு டிராஃபிகுரா உள்ளிட்ட ஐரோப்பியக் கூட்டமைப்புக்குச் சென்றது. டிராஃபிகுரா என்பது உலோக வணிக நிறுவனம். சரக்கை வாங்கி விற்பவரே பாதையையும் இயக்குகிறார். அமெரிக்க அரசு கடனளிக்கிறது. அதிபர் பைடன் 2024 டிசம்பரில் நேரில் சென்றார். கிழக்கே, டாசாராவைப் புதுப்பிக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் கையெழுத்தானது. செம்பு மேற்கே போவதா, கிழக்கே போவதா என்பதே போட்டி. செம்பு ஜாம்பியாவிலேயே கம்பியாவதும், கோபால்ட் காங்கோவிலேயே மின்கலப் பொருளாவதும் இப்போட்டியின் நிகழ்ச்சி நிரலில் பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளன. 2022இல் காங்கோவும் ஜாம்பியாவும் மின்கல மூலப்பொருள் உற்பத்தியில் ஒத்துழைக்க உடன்பாடு செய்துகொண்டன. கவனத்துக்குரிய முயற்சி அது. அதற்குக் கிடைக்கும் வெளிச்சமும் நிதியும் ரயில் பாதைக்குக் கிடைப்பதோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.

2021 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வணிகப் பகுதி நடைமுறைக்கு வந்தது. கண்டத்தின் வணிகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே ஆப்பிரிக்க நாடுகளுக்குள் நடக்கிறது. சுங்கவரியை நீக்கினால் போதுமா? பாதைகள் எல்லாம் சுரங்கத்திலிருந்து கடலுக்குச் செல்கின்றன. கிழக்கே மீட்டர் கேஜ், தெற்கே அதைவிடச் சற்று அகன்ற கேஜ், இப்போது ஸ்டாண்டர்டு கேஜ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியம், விற்பதற்குத் தொழிற்பொருள் வேண்டும். மூலப்பொருள் மட்டும் விளைவிக்கும் இரு நாடுகள் ஒன்றுக்கொன்று வாங்குவோர் ஆவதில்லை. ஒரே வெளிநாட்டு வாங்குவோரிடம் போட்டியாளர்களே ஆவர்.

நமக்கான படிப்பினைகள்

தோழர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடுகளின் போட்டி இன இயல்பாலோ தலைவர்களின் குணத்தாலோ வந்ததன்று. மூலப்பொருளைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் கூலியைத் தவிர வேறு வருவாய் வழிகளைக் காலனி ஆட்சியும் அதன்பின் வந்த கடன் ஆட்சியும் குறுக்கிவிட்டன. அந்தக் கூலிக்கே அண்டை நாடுகள் அடித்துக்கொள்கின்றன. எந்தத் துறைமுகம் வென்றாலும் கப்பலும் சரக்கும் கடன் பத்திரமும் வேறிடத்தில் உள்ளன.

ஆகவே, எந்த வழித்தடத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதில் செல்வது யாருடைய சரக்கு? இதன் கடனைக் கட்டுவது யார்? இதன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் மறுக்கவும் மக்களுக்கு உரிமை இருந்ததா? இக்கேள்விகள் மொம்பாசாவுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டில் மாநில அரசுகள் நிலத்தையும் வரிச் சலுகையையும் தளர்த்தப்பட்ட தொழிலாளர் சட்டங்களையும் ஏந்திக்கொண்டு முதலீட்டாளர்களின் வாசலில் ஒன்றையொன்று முந்துகின்றன. அதே நோய்தான் அது.

ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டொடோமாவுக்குச் செல்லும் ரயிலில் ஏறும் ஆசிரியருக்கும் வணிகப் பெண்ணுக்கும் அந்த ரயில் தேவை. ரயில் பொதுச் சொத்தாக, திறந்த கணக்கோடு, தொழிற்சாலைகளையும் வயல்களையும் இணைப்பதாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இறுதியாக ஒன்று. இந்திய மூலதனம் இன்று தார் எஸ் சலாமில் துறைமுக முனையத்தை நடத்துகிறது. அங்கே கிரேன் இயக்குபவருக்கும், நம் நாட்டுத் துறைமுகங்களில் அதே குழுமத்துக்காகக் கிரேன் இயக்குபவருக்கும் முதலாளி ஒருவரே. இவர்களின் சங்கங்கள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது முதலாளிக்கு வசதி. துறைமுகம், போக்குவரத்து, விமான நிலையத் தொழிற்சங்கங்களில் பணியாற்றும் நமது தோழர்கள், கென்ய, தான்சானியச் சங்கங்களுடன் ஒப்பந்த விவரங்களையும் ஊதிய விவரங்களையும் பரிமாறிக்கொள்ளும் தொடர்பை ஏற்படுத்த வேண்டும். நைரோபியில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடக்கும்போது, அதைப் பற்றிய தீர்மானம் நமது சங்கக் கூட்டத்தில் அன்றே நிறைவேற வேண்டும். மக்கான் சிங் இந்தியச் சங்கத்தின் கதவை எல்லாத் தொழிலாளர்களுக்கும் திறந்தது 1935இல். அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பது நமது கடமை.